உள்ளே குடைந்த அரை டாலர் நாணயம்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் கென்னடி அரை டாலர் நாணயங்கள் இரண்டை லேத்தில் கடைந்து, ஒன்றை ஓடாகவும் மற்றொன்றை அதற்குள் பொருந்தும் மூடியாகவும் ஆக்கி, நடுவில் ஒரு மைக்ரோ எஸ்டி மெமரி கார்டு அடங்கும் அளவுக்கு இடம் விட்டுச் செய்யப்படும் குடைவு நாணயங்கள் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. நான் வாங்கியதன் விலை இருபது டாலருக்குச் சற்று மேல். நாணயத்துடன் அதைத் திறப்பதற்கான உலோக வளையம் ஒன்றும் வந்தது. சில மாதங்களாகப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். கைவேலையாக இது போற்றத்தக்கது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒளிவிடமாக, அதாவது சிறு பொருளை ஒளித்துவைக்கும் இடமாக, இதன் மதிப்பு, எந்த நாணயத்தில் இது செய்யப்பட்டிருக்கிறது, உள்ளே வைக்கும் பொருள் எந்த நிலையில் வைக்கப்படுகிறது என்னும் இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. விற்பனையாளர்கள் இவ்விரண்டையும் தொடுவதே இல்லை என்பதால், நான் அவற்றைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் வேலைப்பாடு. தலைப் பக்கத்தைக் கொண்ட நாணயத்தின் உட்புறம் முழுவதும் குடையப்பட்டு, விளிம்பும் முகமும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. மற்றொரு நாணயத்தின் வெளிவிளிம்பு கடைந்து நீக்கப்பட்டு, கழுகு முத்திரையுள்ள பக்கம் ஒரு வட்டத் தகடாகச் சிறுத்து, அந்த ஓட்டுக்குள் எவர்சில்வர் சம்படத்தின் உள்மூடியைப் போல இறுக்கமாக அமர்கிறது. மரையோ, கீலோ, பசையோ எதுவும் இல்லை. இரண்டு உலோகப் பரப்புகளின் நெருக்கமே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. பொருத்துக்கோடு நாணயத்தின் பக்கவாட்டில் இல்லாமல், பின்பக்கத்தில் விளிம்பு மேடும் சமதளமும் சந்திக்கும் மடிப்பில் ஓடுவதால், இயல்பாகவே அங்கு விழும் நிழலுக்குள் அது மறைந்துவிடுகிறது. பக்கவாட்டிலுள்ள நெருக்கமான வரிகள் துண்டுபடாமல் முழுமையாக இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கி கொண்டு பார்த்தபோதும், கோடு எங்கே என்று தெரிந்திருந்தால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. இதைக் கடைந்த கை யாருடையதாக இருந்தாலும், அது தேர்ந்த கை.

திறந்தவுடன் உள்ளே சிவந்த செம்பு தெரிகிறது. 1971 முதல் புழக்கத்துக்கென அச்சிடப்பட்ட அரை டாலர்கள் செம்பு நடுவையும், செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை நிற மேல்தகடுகளையும் கொண்டவை. வெள்ளை நிறம் மேற்பரப்பில் மட்டுமே உண்டு. 1964-இல் வந்த முதல் கென்னடி நாணயங்களில் 90 விழுக்காடும், 1965 முதல் 1970 வரை வந்தவற்றில் 40 விழுக்காடும் வெள்ளி இருந்தது. வெள்ளி நாணயத்திலும் இதைச் செய்து தருவோர் உண்டு என்றாலும், கடைசலில் வீணாகப்போகும் வெள்ளியை நினைத்தால் செம்பே போதும் என்பது என் கருத்து.

திறக்கும் முறை மாயவித்தைக்காரர்களிடமிருந்து வந்தது. உடன் வரும் வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய படி ஒன்று உண்டு. நாணயத்தின் விளிம்பு அந்தப் படியில் அமர்கிறது. மூடி உள்ள பக்கம் கீழே நோக்குமாறு வைத்து, வளையத்தை மேசையில் சட்டென்று தட்டினால், வளையமும் ஓடும் நின்றுவிட, மூடி மட்டும் தன் வேகத்தில் நகர்ந்து கழன்று விழுகிறது. நாணய வித்தை செய்பவர்கள் நெடுங்காலமாக இப்படிப்பட்ட ஓட்டு நாணயங்களையும் தட்டு வளையங்களையும் பயன்படுத்தி வருகிறார்கள். புதிதாக வந்தபோது மூடி மிகவும் இறுக்கமாக இருந்தது. பழகப் பழக இளகியது. கத்தி முனையாலோ திருப்புளியாலோ நெம்பவே கூடாது, ஏனெனில் பொருத்துக்கோட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அது பளபளவென்று மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கேதான் இந்தப் பொருளின் முதல் குறை தெரிகிறது. நாணயத்தைப் பார்த்து யாரும் ஐயுற மாட்டார்கள். ஆனால் ஒரு பக்கம் படி வெட்டிய, அரை டாலர் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் வளையத்தைப் பையில் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஒளிவிடம் சாதாரணமாக இருந்தால் போதாது, அதன் சாவியும் சாதாரணமாக இருக்க வேண்டும். இதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு, இவ்வகை நாணயங்களுள் மிகவும் பெயர்பெற்ற ஒன்று சான்றாக இருக்கிறது.

1953 ஜூன் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில், வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டு அதற்கான பணம் வசூலித்துவந்த ஒரு சிறுவனின் கையில் ஐந்து சென்ட் நாணயம் ஒன்று விழுந்தது. மற்ற காசுகளோடு சேர்ந்து அது எழுப்பிய ஓசை மாறுபட்டிருந்தது. தரையில் விழுந்ததும் அது இரண்டாகப் பிரிந்தது. உள்ளே, எண்கள் மட்டுமே வரிசை வரிசையாகத் தட்டச்சு செய்யப்பட்ட தாளின் நுண்படம், அதாவது மிகச் சிறிதாகச் சுருக்கி எடுத்த புகைப்படம், ஒன்று இருந்தது. செய்தி காவல்துறை வழியாக அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எஃப்பிஐயை எட்டியது. அவர்கள் ஆராய்ந்தபோது, நாணயத்தின் முகப்பக்கம் 1948-இல் அச்சிட்டது என்றும், பின்பக்கம் 1942-க்கும் 1945-க்கும் இடையில், போர்க்கால நிக்கல் தட்டுப்பாட்டால் வெள்ளி கலந்து அச்சிட்ட வேறொரு நாணயத்திலிருந்து எடுத்தது என்றும் தெரியவந்தது. முகப்பில் பொறிக்கப்பட்டிருந்த வாசகத்தின் ஓர் எழுத்தில் மிகச் சிறிய துளை ஒன்று இருந்தது. அந்தத் துளையில் ஊசியை நுழைத்துத் தள்ளினால் நாணயம் திறந்துகொள்ளும். ஊசி எந்த வீட்டில்தான் இருக்காது? தனி வளையம் எதுவும் தேவைப்படாத அந்த அமைப்பு, இன்று விற்கப்படும் எதையும்விட அறிவார்ந்தது என்று நான் கருதுகிறேன். மறுபுறம், இன்றைய லேத் வேலை அன்றையதைவிட மேலானது என்பதையும் சொல்லியாக வேண்டும்: முகத்தில் துளையே இல்லாமல் திறப்பது சாதனைதான், என் நாணயத்தைக் கைதவறிக் கீழே விட்டபோதெல்லாம் அது பிரியவும் இல்லை.

ஓசைக் குறை மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. முழு நாணயத்தை மரமேசையில் சுண்டினால் எழும் கணீரென்ற நாதம் குடைவு நாணயத்தில் கிடையாது. அது மொட்டையாக ஒலிக்கிறது. உள்ளே கார்டு இருந்தால், குலுக்கும்போது மெல்லிய கிடுகிடுப்பும் கேட்கிறது. மெல்லிய பருத்தித் துணியை வட்டமாக வெட்டி அடியில் வைத்ததும் கிடுகிடுப்பு நின்றது. மொட்டை ஓசைக்கு மருந்து இல்லை. எடையும் அப்படியே. மெய்யான அரை டாலர் 11.34 கிராம் இருக்க வேண்டும். இது கையில் எடுத்தவுடனேயே இலகுவாக உணரும்படி இருக்கிறது. காசைத் தினமும் எண்ணிப் பழகிய ஒரு கடைக்காரருக்கோ பேருந்து நடத்துநருக்கோ அந்த வேறுபாடு தெரியாமல் போகாது. புரூக்ளின் சிறுவனும் காசு எண்ணிப் பழகியவன்தான்.

இனி எந்த நாணயம் என்ற கேள்வி. நாணயத்தை ஒளிவிடமாக்குவதன் ஒரே நியாயம், அது யார் கண்ணிலும் பொருட்படாத பொருள் என்பது. அரை டாலரோ இன்று அமெரிக்காவில் அன்றாடப் புழக்கத்தில் ஏறத்தாழ இல்லை. நான் வசிக்கும் நியூ ஜெர்சியில் கடைகளின் கல்லாப் பெட்டியில் அதற்கென்று ஒரு குழி கூட இருப்பதில்லை. ஒருவரின் பையிலிருந்து சில்லறையை மேசையில் கொட்டினால், கண் முதலில் போய் நிற்பது அந்தப் பெரிய நாணயத்தின் மேல்தான். பலர் அதைக் கையில் எடுத்து, ‘இது எங்கே கிடைத்தது’ என்று கேட்கவும் செய்கிறார்கள். ஒளிந்திருக்க வேண்டிய பொருளை இப்படிப் பிறர் விரும்பி எடுத்துப் பார்ப்பதைவிடப் பெரிய குறை என்ன இருக்க முடியும்? 1971 முதல் 1978 வரை வெளிவந்த ஐசன்ஹோவர் டாலரிலும் குடைவு நாணயங்கள் செய்யப்பட்டன. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் அருங்காட்சியகத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது, படச்சுருளையும் செய்திகளையும் மறைத்து அனுப்பப் பயன்பட்டது. அந்தக் காலத்தில் அது புதிதாக வந்துகொண்டிருந்த நாணயம். இன்று 38 மில்லிமீட்டர் அகலமுள்ள அதைப் பையில் வைத்திருப்பவர் நாணயம் சேகரிப்பவராகத்தான் இருக்க முடியும்.

உற்பத்தியாளர்கள் அரை டாலரை விரும்புவதற்குக் காரணம் அளவுதான், அதில் நியாயமும் உண்டு. மைக்ரோ எஸ்டி கார்டின் நீளம் 15, அகலம் 11, கனம் 1 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை அளந்தால் பதினெட்டரைக்குச் சற்று மேல் வரும். அரை டாலரின் விட்டம் 30.61, விளிம்புக் கனம் 2.15 மில்லிமீட்டர் என்பதால் கார்டு தாராளமாக அடங்கி, இரண்டு முகங்களுக்கும் போதிய உலோகம் மிஞ்சுகிறது. கால் டாலரோ 24.26 மில்லிமீட்டர் அகலமும் 1.75 மில்லிமீட்டர் கனமும் உடையது. கார்டின் கனம் போக மிஞ்சும் முக்கால் மில்லிமீட்டரை இரு முகங்களும் பங்குபோட வேண்டும். ஐந்து சென்ட் நாணயம் அகலத்தில் சிறியது, 21.21 மில்லிமீட்டர்தான், ஆனால் கனம் 1.95 மில்லிமீட்டர். அதனால் முகங்கள் உறுதியாக இருக்கும், பக்கச் சுவர்தான் மெலியும். என்னைக் கேட்டால், வேலை எவ்வளவு கடினமானாலும் ஐந்து சென்ட் நாணயமோ கால் டாலரோதான் ஒளிவிடமாக இருக்கத் தகுந்தவை. அவற்றில் செய்து விற்பவர்களும் உண்டு. நண்பர் ஒருவர் வேறு ஓர் இணையக் கடையில் வாங்கிய கால் டாலரை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் முகமும் பின்பக்கமும் வெவ்வேறு அளவு தேய்ந்த நாணயங்களிலிருந்து வந்தவை. ஒரு பக்கம் புத்தம் புதிதாக மின்ன, மறுபக்கம் மங்கிக் கிடந்தது. 1948-ஆம் ஆண்டின் முகத்தோடு போர்க்கால முதுகை ஒட்டிய அந்தப் பழைய நாணயத்தின் குறையே இதுவும். வாங்குமுன் இருபக்கப் படங்களையும் கேட்டு, தேய்மானமும் நிறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. என்னுடைய அரை டாலரில் இந்த ஒப்புமை ஏறக்குறையச் சரியாகவே இருக்கிறது.

சாதாரண நாணயமாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு: அது செலவாகிவிடக்கூடும். புரூக்ளின் நாணயத்தின் கதை உண்மையில் அதுதான். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த ஒரு சோவியத் உளவாளிக்குச் சேர வேண்டிய செய்தியைச் சுமந்த அந்தக் காசு, எப்படியோ புழக்கத்தில் கலந்து, கைமாறிக் கைமாறிச் செய்தித்தாள் சந்தாப் பணத்தில் வந்து சேர்ந்தது. ஆகவே இவ்வகை நாணயத்தை வாங்குபவர் அதைச் சில்லறைப் பையில் போடவே கூடாது. நான் என்னுடையதை வெளிநாட்டுக் காசுகள் கிடக்கும் ஒரு சிறு டப்பாவில் வைத்திருக்கிறேன். பல நாட்டு நாணயங்களுக்கு நடுவே ஓர் அரை டாலர் இருப்பது உறுத்துவதில்லை, அங்கிருந்து யாரும் காசெடுத்துச் செலவழிப்பதும் இல்லை.

இரண்டாவது கேள்வி, உள்ளே வைப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பது. இதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த அக்கறை. நாணயம் 1953-லேயே திறந்துகொண்டுவிட்டது, நுண்படம் எஃப்பிஐ கையில் இருந்தது. இருந்தும் நான்கு ஆண்டுகள் அதில் ஒரு சொல்லைக் கூட அவர்களால் படிக்க முடியவில்லை. 1957 மே மாதத்தில், மாஸ்கோவுக்குத் திரும்பும்படி ஆணை வந்து பயணத்தில் இருந்த ரெய்னோ ஹைஹானன் என்ற சோவியத் உளவாளி, பாரிசிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து சங்கேத முறையை விளக்கிய பிறகே அந்த எண்கள் பேசின. தாளும் பென்சிலும் மட்டும் கொண்டு செய்யப்பட்ட மறையாக்கம் (திறவுகோல் தெரியாதவருக்குப் புரியாதபடி செய்தியை மாற்றி எழுதுவது) அது. பனிப்பொழிவைக் குறிக்கும் ஒரு ரஷ்யச் சொல், ஒரு பாடலின் சில அடிகள், ஒரு தேதி, ஒற்றருக்கென்று தரப்பட்ட ஓர் எண் ஆகியவையே திறவுகோல்கள். படித்துப் பார்த்தால், செய்தி ஹைஹானனுக்கே எழுதப்பட்டது: பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு வாழ்த்து, தொழில் தொடங்கப் பணம் அனுப்புவது பற்றிய குறிப்பு, வீட்டில் அனைவரும் நலம் என்ற தகவல். அது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

நாணயம் தோற்ற இடத்தில் மறையாக்கம் நான்கு ஆண்டுகள் காத்து நின்றது. இதை மனத்தில் கொண்டால், கடவுச்சொற்களையோ, குடும்ப ஆவணங்களின் படிகளையோ, பிட்காயின் போன்ற மின்னணுப் பணத்தின் கணக்கை மீட்டெடுக்க உதவும் சொற்களையோ வெறுமனே கார்டில் பதிந்து நாணயத்துக்குள் போட்டு மூடுவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். கார்டு முழுவதையும் முதலில் வலுவான கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்துவிட்டு, அதன் பிறகுதான் நாணயத்துக்குள் வைக்க வேண்டும். இன்றைய கணினிகளில் இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; சில நிமிட வேலை. விற்பனையாளர்கள் அனுப்பும் குறிப்புத்தாளில் இந்த ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

ஹைஹானனின் வாக்குமூலம் அவருடைய மேலாளர் வரை இட்டுச் சென்றது. ருடால்ஃப் ஏபெல் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வில்லியம் ஃபிஷர் 1957 ஜூன் 21 அன்று நியூயார்க் விடுதி ஒன்றில் கைதானார். முப்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1962 பிப்ரவரி 10 அன்று பெர்லின் எல்லையிலுள்ள கிளீனிக்கே பாலத்தில் அவருக்கு ஈடாக மாற்றிக்கொள்ளப்பட்டவர், சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 என்னும் அமெரிக்க உளவு விமானத்தின் விமானி கேரி பவர்ஸ். பவர்ஸ் பறக்கும்போது தன்னோடு எடுத்துச் சென்றதும் ஒரு குடைவு நாணயமே: வெள்ளி டாலர் ஒன்றினுள், சிப்பி நஞ்சு தோய்த்த ஊசி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. இருபது டாலர் விளையாட்டுப் பொருளாக இதைப் பார்ப்பவர்கள், இப்படிப்பட்ட நாணயங்களை உயிரைப் பணயம் வைத்துச் சுமந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாணயத்துக்குள் வானொலி அலை அனுப்பும் சிறு கருவி ஒன்றை வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நாற்புறமும் உலோகம் சூழ்ந்த இடத்திலிருந்து வானொலி அலை வெளியேறுவது மிகவும் கடினம். கனடா நாணயங்களில் உளவுக் கருவி இருந்ததாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அமைப்பு ஒன்றே எச்சரித்து, 2007-இல் அது பெரிய செய்தியானதும் உண்டு; கடைசியில் அவை சிவப்புப் பாப்பிப் பூ அச்சிட்ட 2004-ஆம் ஆண்டின் கால் டாலர்கள் என்றும், வண்ணத்தைக் காக்கப் பூசிய மேற்பூச்சையே கருவி என்று எண்ணிவிட்டார்கள் என்றும் தெரியவந்தது. அப்படி ஏதாவது ‘கண்காணிப்பு நாணயம்’ விற்பனைக்கு வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஏமாற்றும் நோக்கத்தோடு நாணயத்தைச் சிதைப்பதே குற்றம். ஆகவே இதை வாங்கவும் வைத்திருக்கவும் தடையில்லை, ஆனால் நாணயமாகச் செலவழிக்கக் கூடாது. இந்தியாவில் நிலைமை வேறு. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் நாணயங்களை உருக்குவதையும் அழிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. ஊரில் நல்ல லேத் பட்டறை இருக்கிறதே, பத்து ரூபாய் நாணயத்தில் ஒன்று செய்து பார்க்கலாமே என்று தோன்றுபவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. மணலும் தூசும் பொருத்துக்கோட்டில் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இடத் தேவையில்லை, இட்டால் தூசு ஒட்டும். உட்புறச் செம்பு நாளடைவில் கறுப்பதால் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. தண்ணீர் புகாது என்று சில விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் எதுவும் இல்லை. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிரித்த நிலையில் வைக்கவே கூடாது. ஓடும் மூடியும் கார்டும் மூன்றுமே வாயில் போடும் அளவிலான பொருள்கள்.

நாணயம் சேகரிப்பவர்களுக்கும், பனிப்போர்க் காலத்தின் மேல் ஆர்வமுள்ளவர்களுக்கும், கடைசல் வேலையின் நுட்பத்தை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கும் இந்த அரை டாலரை மனமாரப் பரிந்துரைக்கிறேன்; ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். மெய்யாகவே எதையாவது மறைத்து வைக்க வேண்டியவர்கள், இன்னும் சில டாலர் கூடுதலாகச் செலவிட்டு, இருபக்கமும் ஒரே அளவு தேய்ந்த ஐந்து சென்ட் நாணயத்திலோ கால் டாலரிலோ செய்ததைத் தேடி வாங்கட்டும். வளையம் தொலைந்தால் தனியே கிடைக்குமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்தால் இன்னொரு வளையத்தையும் சேர்த்தே வாங்கி, ஒன்றை மேசை இழுப்பறையில் திருகாணிகளோடும் வாஷர்களோடும் போட்டு வையுங்கள். அங்கே அது ஒரு வாஷராகவே தெரியும்.